தி காட்பாதர் பாகம் 2 – ஒரு திறனாய்வு

தி காட்பாதர் பாகம் 2, 1974 டிசம்பரில் வெளியான அமெரிக்கத் திரைப்படம் ஆகும். 1972இல் வெளிவந்த தி காட்பாதர் படத்தின் தொடர்ச்சியான இதன் திரைக்கதையை மரியோ பூசோவும் பிரான்சிஸ் போர்டு கொப்போலாவும் எழுதினர்; இயக்கியவர் கொப்போலா. 6 ஆஸ்கர் விருதுகளை வென்றது. தொடர்ச்சிப் படம் ஒன்று சிறந்த படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது இதுவே முதல் முறை.

கதை அமைப்பு

படம் இரண்டு கதைகளை மாறி மாறிச் சொல்கிறது. ஒன்று தந்தை விட்டோவின் கதை. 1901இல் சிசிலியில் தாயும் தமையனும் கொல்லப்பட, தனியே கப்பலேறி நியூயார்க் வந்த சிறுவன், ஒரு குற்றக் குடும்பத்தின் தலைவனாக வளர்கிறான். மற்றொன்று 1958இல் தொடங்கும் மகன் மைக்கேலின் கதை. பணமும் செல்வாக்கும் பெருகப் பெருக அவன் உறவுகளை ஒவ்வொன்றாக இழக்கிறான்.

தந்தை நல்லவரா?

தந்தை அன்பால் குடும்பத்தைக் கட்டினார், மகன் ஆணவத்தால் அதை அழித்தான் என்றே பலரும் இப்படத்தைப் புரிந்துகொள்கின்றனர். படத்தைக் கூர்ந்து பார்த்தால் இந்த விளக்கம் போதாது என்பது தெரியும். தெருத் திருவிழாவின் ஆரவாரத்துக்கிடையே விட்டோ, பனூச்சி என்ற வசூல் ரவுடியைச் சுட்டுக் கொல்கிறார். அங்கிருந்து நேராக வீட்டு வாசற்படிக்கு வந்து, கைக்குழந்தையான மைக்கேலை மடியில் வைத்துக் கொஞ்சுகிறார். கொலை செய்த கை உடனே குழந்தையை ஏந்துகிறது. ‘குடும்பத்துக்காக’ என்ற நியாயம் பிறக்கும் இடம் இதுதான். மகன் பின்னாளில் சொல்வதும் அதே நியாயம்தான்.

இன்னோர் ஒப்புமையும் உண்டு. தன் தாயைக் கொன்றவனைப் பல ஆண்டுகள் கழித்துச் சிசிலிக்கே சென்று விட்டோ பழிவாங்குகிறார். மைக்கேலோ, துரோகம் செய்த தமையன் பிரெடோவைக் கொல்லத் தாய் இறக்கும்வரை காத்திருக்கிறான். தாய்ப்பாசம் அங்கே கொலைக்குக் காரணமாகிறது. இங்கே கொலைக்குத் தவணை மட்டுமே தருகிறது.

நடிப்பும் ஒளிப்பதிவும்

அல் பசீனோ குரலை உயர்த்தும் இடங்கள் குறைவு. ஹவானாவில் பிரெடோ வாய்தவறிப் பேசியதும் அவன்தான் துரோகி என்பதை மைக்கேல் அறிகிறான். அந்த அதிர்ச்சி முகத்திலேயே தெரிகிறது. ராபர்ட் டி நீரோ பெரும்பாலும் சிசிலிய மொழியில் பேசி நடித்துச் சிறந்த துணை நடிகர் விருது பெற்றார். முதல் படத்தில் இதே விட்டோ பாத்திரத்துக்காக மார்லன் பிராண்டோவுக்கும் ஆஸ்கர் அறிவிக்கப்பட்டது. கார்டன் வில்லிசின் ஒளிப்பதிவு பழைய நியூயார்க்கைப் பொன்னிறத்திலும் மைக்கேலின் வீட்டை இருளிலும் காட்டுகிறது. இந்தப் பொன்னிறமே தந்தையின் காலத்தை அழகாக்கி, அவர் செய்த குற்றங்களை மறக்கச் செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

குறைகள்

முதல் படத்தைப் பார்க்காதவர்களுக்கு உறவுமுறைகள் குழப்பம் தரும். ஹைமன் ராத்தின் சூழ்ச்சி ஒருமுறை பார்த்தால் தெளிவாகாது. பெண் பாத்திரங்களுக்கு இடம் குறைவு. மனைவி கே கருவைக் கலைத்ததைச் சொல்லும் காட்சி மட்டும் விதிவிலக்கு. இப்படியொரு குடும்பத்துக்கு இன்னொரு மகன் வேண்டாம் என்று அவள் எடுத்த முடிவுதான் மைக்கேலை எதிர்த்து இப்படத்தில் எழும் வலுவான குரல்.

முடிவு

பிரெடோ ஏரியில் கொல்லப்பட்ட பின், படம் 1941 டிசம்பருக்குத் திரும்புகிறது. தந்தையின் பிறந்தநாளன்று, தான் படையில் சேர்ந்துவிட்டதாக மைக்கேல் அறிவிக்கிறான். எல்லோரும் கடிந்துகொள்ள, கைகொடுத்து வாழ்த்துபவன் பிரெடோ ஒருவனே. அந்தக் கையைத்தான் மைக்கேல் பிற்காலத்தில் இல்லாமல் ஆக்கினான். தந்தையை வரவேற்க எல்லோரும் எழுந்து போக, மேசையில் அவன் மட்டும் தனித்திருக்கிறான். குற்ற உலகைக் கவர்ச்சியாகக் காட்டும் படம் என்று இதை ஒதுக்குவோர் இந்த இறுதிக் காட்சிகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். எதிரிகள் அனைவரையும் வென்ற ஒருவன் எதைத் தோற்றான் என்று கணக்குக் காட்டும் படம் இது. மாணவர்கள் முதல் பாகத்தைப் பார்த்த பிறகு இதைப் பார்ப்பது நல்லது.