மழையா, வெண்பனியா?

வெப்பமானி பூஜ்யத்தை ஒட்டி நிற்கும்போதுதான், மலையில் விழுவது மழையா வெண்பனியா என்று அறிவது மிக அவசியமாகிறது. கருவிகள் தடுமாறுவதும் அப்போதுதான். மழை அன்றே ஆற்றில் இறங்கிவிடும், வெண்பனி கோடைவரை சேமிப்பாகக் கிடக்கும். 1997 ஜனவரியில் அமெரிக்காவின் சியரா நெவாடா மலைத்தொடரின் பனிப்போர்வைமேல் மழை கொட்டியபோது, டிரக்கி ஆறு ரீனோ நகருக்குள் புகுந்தது. நாசா நிதி பெற்ற 'மவுண்டன் ரெயின் ஆர் ஸ்னோ' திட்டத்தை இந்தப் பின்னணியில் வைத்தே எடைபோட வேண்டும்.

டஹோ ஏரிப் பகுதியில் தொடங்கி அமெரிக்காவின் பிற மலைகளுக்கும் பரவிய இத்திட்டம் தன்னார்வலரிடம் கேட்பது ஒரே கேள்வி: மழையா, வெண்பனியா, இரண்டும் கலந்ததா? இடத்தையும் நேரத்தையும் கைப்பேசியே குறித்துக்கொள்கிறது. இந்தச் சிக்கனமே வடிவமைப்பின் தலையாய சிறப்பு. பனியின் ஆழத்தை அளக்கச் சொல்லியிருந்தால் பழகாத கையின் பிழை சேர்ந்திருக்கும். மழையையும் வெண்பனியையும் பிரிப்பதில் கண் அரிதாகவே தவறும். ஆனால் 'கலந்தது' என்ற வகை நெகிழ்ந்து கிடக்கிறது. அரிசிக்குருணைபோல் உருளும் பனிமணியை ஒருவர் அதில் சேர்ப்பார், இன்னொருவர் வெண்பனி என்பார்.

இதைவிடப் பெரிய குறை மாதிரியெடுப்பில் இருக்கிறது. பகலில், சாலையோரத்தில், வீட்டு வாசலில் மனிதர்கள் இருக்கிறார்கள். நள்ளிரவிலும் உயர்ந்த முகடுகளிலும் பார்க்க ஆளில்லை. அதே வாசல்களிலிருந்து எத்தனை ஆயிரம் பதிவுகள் வந்தாலும் இந்தச் சாய்வு நீங்காது. மேலும், பார்ப்பவர் வெப்பநிலையை அளப்பதில்லை. அது அருகிலுள்ள நிலையங்களின் தரவிலிருந்து கணிக்கப்படுகிறது. கணிப்பின் பிழையும் முடிவோடு ஒட்டிக்கொண்டே வரும்.

இத்திட்டத்தின் ஆய்வாளர்களில் ஒருவரான கீத் ஜென்னிங்ஸ் குழுவின் 2018 ஆய்வு, வட அரைக்கோளத்தில் மழையும் வெண்பனியும் சமவாய்ப்பில் விழும் வெப்பநிலை சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் என்றும், அது இடத்துக்கு இடம் மாறும் என்றும் காட்டியது. வறண்ட காற்றில் பனித்துகள் ஆவியாதலால் குளிர்ந்து, உருகாமல் தரை சேர்கிறது. மழையையும் வெண்பனியையும் பிரிக்க எங்கும் ஒரே வெப்பநிலை வரம்பு என்ற வழக்கம் அங்கேயே ஆட்டங்கண்டது. 2025இல் ஜென்னிங்ஸும் உடனாய்வாளர்களும் தன்னார்வலர் பதிவுகளையும் சேர்த்து, இந்தப் பிரிப்பில் இயந்திரக் கற்றலைச் சோதித்தார்கள். பழைய முறைகளைவிட அது சிறிதளவே முந்தியது. இதைத் தோல்வி என்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஒரே வெப்பநிலையிலும் ஈரப்பதத்திலும் மழையும் விழலாம், வெண்பனியும் விழலாம். தரையருகே எடுத்த எண்கள் மட்டும் இந்தப் புதிரை அவிழ்க்கா. தாங்களே திரட்டிய தரவால் தங்கள் துறையின் நம்பிக்கைக்கு எல்லை வகுத்து வெளியிட்டது முறையியல் நேர்மை. திட்டத்தின் உச்ச சாதனையும் அதுவே.

செயற்கைக்கோள் கணிப்புகளையும் கணினி மாதிரிகளையும் உரசிப் பார்க்கும் உரைகல்லாக இத்தரவு முதல்தரமானது. முகட்டிலிருந்தும் இரவிலிருந்தும் பதிவுகள் சேரும்வரை, அதை மலையின் முழு வரைபடமாகக் கொள்ள நான் ஒப்பமாட்டேன்.