மூத்தாள், மந்திரி மகன், பூக்காரக் கிழவி

தமிழ் நாட்டுப்புறக் கதைகளில் மாந்தருக்குப் பெரும்பாலும் பெயர் கிடையாது. ராஜா, மூத்தாள், இளையாள், கடைக்குட்டி என்று உறவையோ தொழிலையோ சொல்லியே கதை நடக்கும். ‘ஒரு ராஜாவுக்கு ரெண்டு பொண்டாட்டி’ என்றதுமே கேட்பவர் பாதிக் கதையைப் பிடித்துவிடுவார். ஒருத்திக்குப் பிள்ளை பிறக்கும், மற்றவளுக்குப் பொறுக்காது, பிள்ளை கிடந்த இடத்தில் நாய்க்குட்டியோ அம்மிக்குழவியோ கிடக்கும். குணத்தை விவரிக்க ஒரு சொல்கூடச் செலவாகவில்லை. இந்தச் சிக்கனம்தான் இக்கதைகளின் முதல் அழகு.

ரஷ்ய ஆய்வாளர் விளாதிமிர் பிராப் 1928இல் மாயக்கதை மாந்தரை ஏழு பங்குகளில் அடக்கினார்: வில்லன், கொடையாளி, துணைவன், இளவரசியும் அவள் தந்தையும், அனுப்பிவைப்பவர், நாயகன், போலி நாயகன். தமிழ்க் கதைகளிலும் இவர்கள் உண்டு. ஆனால் இங்கே வில்லன் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்; இன்னும் சரியாகச் சொன்னால், இருக்கிறாள். சக்களத்தி, மாமியார், சிற்றன்னை, அண்ணி. நல்லதங்காள் கதையின் மூளி அலங்காரி இவர்களில் உச்சம். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வந்தவளிடம், அடுப்பெரிக்கப் பச்சை வாழைமட்டையைக் கொடுக்கிறாள். அடிக்கவில்லை, விஷம் வைக்கவில்லை. எரியாத மட்டை ஒன்றே அவளை முழுதாகக் காட்டிவிடுகிறது. வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது.

நாயகன் பங்கை இரண்டாகப் பிரித்துக்கொள்வது இன்னொரு நுட்பம். ராஜகுமாரன் ஆசைப்படுவான், மந்திரி மகன் அதை நடத்திக் காட்டுவான். மதனகாமராஜன் கதையில் இளவரசன் இரண்டு பெண்கள்மேல் மனம் வைக்க, அவர்களைத் தேடிக் கொண்டுவந்து, பன்னிரண்டு கதைகள் சொல்லிப் பொழுதை நீட்டுபவன் மந்திரி மகன்தான். பண்டித நடேச சாஸ்திரி இந்நூலை 1886இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். பட்டம் ஒருவனுக்கு, புத்தி மற்றவனுக்கு என்று கதை வைத்திருக்கும் இந்தக் கணக்கு, கேட்பவரை மந்திரி மகன் பக்கமே சாய்க்கிறது.

எல்லோரிலும் ரசிக்கத் தகுந்தவள் பூக்காரக் கிழவி. அந்நிய ஊருக்கு வரும் இளவரசன் தங்குவது அவள் குடிசையில். அதற்குக் காரணம் உண்டு: காவலை மீறி அந்தப்புரத்துக்குள் தினமும் போய்வரக்கூடியவள் அவள் ஒருத்திதான். ஒருநாள் இளவரசனே மாலை கட்டிக் கொடுப்பான். ‘இன்றைக்குக் கட்டு வேறு மாதிரி இருக்கிறதே’ என்று ராஜகுமாரி கேட்பாள். கிழவி தடுமாறி, ‘மகள் வந்திருக்கிறாள் தாயே, அவள் கட்டியது’ என்பாள். செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஏழை, வயதானவள், யார் கண்ணிலும் படாதவள். அதனாலேயே எல்லாக் கதவும் அவளுக்குத் திறக்கிறது. பிராப் சொல்லும் கொடையாளியும் துணைவனும் இந்த ஒருத்திக்குள் அடக்கம்.

அரக்கன் கதைக்குப் பயங்கரம் கொடுப்பவன். ஆனால் தோற்றபின் அவன் கதி எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பழனியை ஒட்டிய நெய்க்காரப்பட்டி வட்டாரத்தில் அரக்கன் என்றால் இடும்பன். அகத்தியர் சொல்படி சிவகிரியையும் சக்திகிரியையும் காவடியாகத் தூக்கி வந்தவன், ஆவினன்குடியில் இறக்கிவைத்தான். மறுபடி தூக்க முடியவில்லை. குன்றின்மேல் நின்ற சிறுவனோடு மோதி மாண்டான். மனைவி இடும்பி மன்றாட, உயிர் பெற்று அம்மலைக்கே காவலன் ஆனான். மலையேறும் பக்தர் வழியிலேயே அவன் சந்நிதியைக் கண்டு போகிறார்கள். எதிரியை அழித்து முடிக்காமல் வாசலில் நிறுத்திக்கொள்ளும் இந்த முடிவு, அரக்கனின் தலையை வெட்டியதோடு நின்றுவிடும் கதைகளைவிட ஒரு படி மேல்.

கடைசியாக முட்டாள். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்ற மருமகன், பெயர் மறக்காதிருக்க வழியெல்லாம் ‘கொழுக்கட்டை, கொழுக்கட்டை’ என்றே வருகிறான். வாய்க்காலைத் தாண்டும்போது ‘அத்திரிபாச்சா’ என்கிறான். அதுவே வாயில் ஒட்டிக்கொள்கிறது. அத்திரிபாச்சா செய்யத் தெரியாத மனைவிக்கு அடி விழுகிறது. ‘கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டதே’ என்று யாரோ பரிதாபப்பட்ட பிறகே அவனுக்கு நினைவு வருகிறது. சிரிப்புக்கு அடியில் அந்த அடியும் கிடக்கிறது. நல்ல கதைசொல்லி அதை மறைப்பதில்லை. வீரமாமுனிவர் தம் பரமார்த்த குருவின் சீடர் ஐவருக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று வைத்த பெயர்களும், ஆளைப் பெயரால் அன்றி அடையாளத்தால் சுட்டும் நாட்டுப்புற வழக்கத்தையே ஒட்டியவை. அங்கே குணமே பெயராகிவிட்டது.