இரண்டு அணிகள், ஒரே தராசு

அலபாமா மாநிலத்தில் ஒருவர் எந்தக் கட்சி என்பதைவிட, அவர் அலபாமா பல்கலைக்கழகத்துப் பக்கமா ஆபர்ன் பல்கலைக்கழகத்துப் பக்கமா என்பதுதான் முதலில் தெரிந்தாக வேண்டிய விஷயம். பர்மிங்ஹாம் நகரின் யூஏபி பல்கலைக்கழக ரசிகர் இந்த இரண்டு கோஷ்டியிலும் சேராதவர். பச்சையும் பொன்னுமான சட்டையை மாட்டிக்கொண்டு, சொந்த ஊரிலேயே பலர் பொருட்படுத்தாத ஓர் அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவர். டஸ்கலூசாவில் அலபாமா அணியின் மைதானத்தில் ஒரு லட்சம் பேர் உட்காருகிறார்கள். அங்கே தனி ரசிகரின் அபிப்பிராயம் பத்தோடு பதினொன்று. யூஏபியில் அப்படியில்லை. இங்கே ரசிகர்களின் குரல் நிர்வாகம் எடுத்த முடிவையே திருப்பியிருக்கிறது. அவ்வளவு வலுவுள்ள அபிப்பிராயம் எங்கே சரியாக இருக்கிறது, எங்கே சறுக்குகிறது என்று எடைபோடுவது அவசியமாகிறது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் தொலைக்காட்சிப் பணம் எஸ்இசி, பிக் டென் போன்ற ஒருசில கூட்டமைப்புகளிடம் குவிந்து கிடக்கிறது. முதல் பிரிவில் ஆடியும் அந்தப் பணத்தில் பெரிய பங்கு கிடைக்காத கல்லூரிகளை மிட்-மேஜர் என்பார்கள். இவற்றின் ரசிகருக்கு ஆண்டில் இரண்டு பருவங்கள். இலையுதிர் காலத்தில், முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஓடி மோதும் அமெரிக்கக் கால்பந்து. குளிர் இறங்கியதும் கூடைப்பந்து. சட்டை ஒன்றுதான், கோஷமும் ஒன்றுதான். அதனால் அவர் இரண்டு அணிகளையும் ஒரே தராசில் நிறுத்துவிடுகிறார். அவருடைய தீர்ப்புகளின் பலமும் கோளாறும் பெரும்பாலும் இந்தப் பழக்கத்திலிருந்தே வருகின்றன.

இரண்டு ஆட்டங்களின் கணக்கும் வேறு வேறு. கூடைப்பந்தில் களத்தில் இருப்பது ஐந்து பேர். 2025 வரை ஓர் அணி 13 பேருக்குத்தான் உதவித்தொகை தர முடிந்தது. அதில் இரண்டு மூன்று பேர் அசல் திறமைசாலிகளாக அமைந்துவிட்டால் அணியின் தலையெழுத்தே மாறும். மார்ச் மாத தேசியப் போட்டியில் ஒவ்வொரு கூட்டமைப்பின் சாம்பியனுக்கும் இடம் உறுதி. தோற்றால் வெளியே என்பதால், சின்னக் கல்லூரிக்கு ஒரே ஒரு நல்ல இரவு போதும். 2018இல் யூஎம்பிசி என்ற சின்னக் கல்லூரி, தரவரிசையில் முதலிடம் பெற்றுவந்த வர்ஜீனியாவை 74-54 என்று சாய்த்தது. பட்லர் கல்லூரி 2010, 2011 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் இறுதியாட்டம் வரை போனது.

கால்பந்தில் 2025 வரை உதவித்தொகை வீரர்கள் மட்டுமே 85 பேர் வரை இருக்கலாம் என்பது விதி. அத்தனை இடத்தையும் தரமாக நிரப்ப ஆள்பலமும் பணபலமும் வேண்டும். நிரப்பினாலும் கதவு திறக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 2017இல் யூசிஎஃப் என்ற மிட்-மேஜர் அணி ஆடிய 13 ஆட்டங்களிலும் வென்றது. ஆனாலும் நான்கு அணிகளின் இறுதிச் சுற்றுக்கு அழைப்பு வரவில்லை. அவர்கள் தாங்களே சாம்பியன் என்று அறிவித்துக்கொண்டார்கள். அந்த நான்கு அணி ஏற்பாடு நடந்த பத்து ஆண்டுகளில் மிட்-மேஜர் தரப்பிலிருந்து உள்ளே போனது 2021இன் சின்சினாட்டி ஒன்றுதான்.

யூஏபியின் வரலாறு இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும். இங்கே கூடைப்பந்துதான் மூத்தது. யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற பயிற்சியாளர் ஜான் வுடனின் இடத்துக்கு வந்த ஜீன் பார்ட்டோ, இரண்டே ஆண்டுகளில் அந்த வேலையை விட்டு பர்மிங்ஹாம் வந்து, ஒன்றுமில்லாத இடத்தில் அணியைத் தொடங்கினார். முதல் சீசன் 1978-79. 1982இல் அந்த அணி, நட்சத்திர வீரர் ரால்ஃப் சாம்ப்சன் ஆடிய வர்ஜீனியாவைத் தோற்கடித்து தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகளில் ஒன்றானது. 2004இல் கென்டக்கியை ஒரு புள்ளியில் வென்றது. கால்பந்து அணியோ 1991இல்தான் கடைநிலைப் பிரிவில் தொடங்கியது. 1996இல்தான் மேல் பிரிவுக்கு ஏறியது. எழுபதாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய பழைய லீஜியன் ஃபீல்டில் பல ஆண்டுகள் காலி இருக்கைகளுக்கு முன்னால் ஆடியது.

2014இல் பில் கிளார்க் என்ற புதிய பயிற்சியாளர் வந்தார். ஆறு வெற்றி, ஆறு தோல்வி என்று சீசன் முடிந்தது. நெடுநாள் தோற்றுக்கொண்டிருந்த அணிக்கு அது பெரிய முன்னேற்றம். அந்தச் சூட்டோடு டிசம்பர் 2ஆம் தேதி பல்கலைக்கழகத் தலைவர் வீரர்களைக் கூட்டி, கால்பந்து அணி கலைக்கப்படுகிறது என்று அறிவித்தார். ராணுவத்தில் பணியாற்றிவிட்டுப் படிக்க வந்திருந்த ஒரு வீரர் எழுந்து நின்று, எங்களை நம்பித்தானே வந்தோம் என்ற தொனியில் அவரைக் கேள்விகளால் துளைத்த காட்சி நாடு முழுக்கப் பரவியது. நிர்வாகம் எண்களைக் காட்டியது. ஆண்டு விளையாட்டுச் செலவு ஏறத்தாழ 3 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 2 கோடியைப் பல்கலைக்கழகமே போட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்த ஐந்தாண்டுகளில் இன்னும் கிட்டத்தட்ட 5 கோடி தேவைப்படும்.

ரசிகர்களின் அபிப்பிராயம் தன் உச்சத்தைத் தொட்டது இப்போதுதான். அவர்கள் கத்தியதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். கால்பந்து போனால் வருமானத்திலும் நன்கொடையிலும் எவ்வளவு போகும் என்பதை நிர்வாகத்தின் ஆய்வு சரியாகச் சேர்க்கவில்லை என்று வாதிட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த வலுவான வாதம் கூட்டமைப்பின் விதியிலேயே இருந்தது. யூஏபி அப்போது இருந்த கான்ஃபரன்ஸ் யூஎஸ்ஏவில் உறுப்பினராக நீடிக்கக் கால்பந்து அணி கட்டாயம். ஆக, கால்பந்தை வெட்டினால் கூடைப்பந்தும் வீடிழந்து நிற்கும். மார்ச்சைப் பற்றி மட்டும் கவலைப்படும் கூடைப்பந்து ரசிகரையும் கால்பந்துக்காகத் தெருவில் இறக்கியது இந்த வாதம்தான்.

அடுத்து வந்த 2015 மார்ச் மாதமே கூடைப்பந்து அணி கூட்டமைப்பின் பட்டத்தைப் பிடித்தது. தேசியப் போட்டியில் 14ஆம் நிலை அணியாக நுழைந்து, 3ஆம் நிலையிலிருந்த அயோவா ஸ்டேட்டை 60-59 என்று வீட்டுக்கு அனுப்பியது. ஜூன் 1ஆம் தேதி, கால்பந்து திரும்புகிறது என்று அதே பல்கலைக்கழகத் தலைவர் அறிவித்தார். ரசிகர்கள், முன்னாள் மாணவர்கள், நகரத் தொழிலதிபர்கள், மாணவர் அமைப்பு, மாநகராட்சி என்று பல தரப்பும் பணம் தர உறுதியளித்திருந்தன. இரண்டு சீசன்கள் ஆட்டமே இல்லை. கிளார்க் வேறு வேலை தேடிப் போகாமல் காத்திருந்தார். 2017 செப்டம்பரில் முதல் ஆட்டத்துக்கு லீஜியன் ஃபீல்டில் 45 ஆயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். அந்த சீசனில் எட்டு வெற்றி. 2018இலும் 2020இலும் கூட்டமைப்பின் பட்டம்.

இதில் ரசிகர்களின் தரப்பில் பாராட்டத் தக்கவை இரண்டு. மேலே இருப்பவர்கள் காட்டிய எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல் குறுக்கு விசாரணை செய்தார்கள். அபிப்பிராயத்துக்குப் பின்னால் சொந்தக் காசையும் வைத்தார்கள். பெரிய கல்லூரி ரசிகர் ஆண்டு முழுக்க வாய்க்கு வந்ததைப் பேசலாம், அதனால் யாருக்கும் நயா பைசா நஷ்டமில்லை. யூஏபி ரசிகர் பேசியதற்கு விலை கொடுத்தார்.

ஆனால் அந்த வெற்றியே சில தப்பான பாடங்களையும் கற்றுக்கொடுத்துவிட்டது. முதலாவது, எல்லாக் குறைக்கும் டஸ்கலூசாதான் காரணம் என்ற நம்பிக்கை. யூஏபியையும் அலபாமா பல்கலைக்கழகத்தையும் ஆள்வது ஒரே அறங்காவலர் குழு. பல்கலைக்கழக வளாகத்தில் கால்பந்து மைதானம் கட்டும் திட்டம் 2011இல் அந்தக் குழுவைத் தாண்டவில்லை. சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லாமலில்லை. ஆனால் லீஜியன் ஃபீல்டின் இருக்கைகளை அறங்காவலர்கள் காலியாக்கவில்லை. அணி பறிபோன பின் 45 ஆயிரம் பேர் வர முடிந்தது என்றால், அணி இருந்தபோது அவர்கள் எங்கே போயிருந்தார்கள் என்ற கேள்வியை ரசிகர் தன்னிடமே கேட்க வேண்டும். வஞ்சிக்கப்பட்டோம் என்ற உணர்வு அந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் செய்கிறது.

இரண்டாவது, பக்கத்து வீட்டைப் பார்த்து வரும் ஆசை. கிளார்க் முதுகுவலியால் 2022இல் ஓய்வு பெற்றபின், தற்காலிகப் பொறுப்பேற்ற பிரயன்ட் வின்சென்ட் ஏழு வெற்றிகளுடன் சீசனை முடித்தார். நிர்வாகம் அவரை விட்டுவிட்டு, தொழில்முறைக் கால்பந்தின் சூப்பர் பௌல் பட்டத்தை வென்ற குவார்ட்டர்பேக்கும் அப்போது உயர்நிலைப் பள்ளி அணியொன்றின் பயிற்சியாளருமான டிரென்ட் டில்ஃபரைக் கொண்டுவந்தது. 9 வெற்றி, 21 தோல்வி என்ற கணக்கோடு 2025 அக்டோபரில் அவரை அனுப்பிவிட்டார்கள். முடிவு நிர்வாகத்தினுடையதுதான். ஆனால் பெரிய பெயர் வந்தால் நாமும் பெரியவர்களாகிவிடுவோம் என்ற ஆசை மிட்-மேஜர் ரசிகர்களுக்குப் புதிதல்ல. இந்த ஆசைக்கு எட்டு வெற்றியும் போதாது, பத்து வெற்றியும் போதாது. அலபாமாவைத் தராசின் மறுதட்டில் வைத்தால் தன் தட்டு எப்போதும் மேலேதான் நிற்கும்.

மூன்றாவது, பணக் கணக்கில் ஒரு பாதியை மறப்பது. நன்கொடை எவ்வளவு வந்தது என்பது ரசிகருக்கு நினைவிருக்கிறது. பல்கலைக்கழகம் கையிலிருந்து போட்ட 2 கோடி டாலர் பேச்சில் வருவதில்லை. மிட்-மேஜர் கல்லூரிகளில் இப்படிப்பட்ட பணத்தின் ஒரு பகுதி மாணவர் கட்டணத்திலிருந்தும் வருகிறது. ஆட்டத்துக்கே போகாத மாணவரும் அதைக் கட்டுகிறார். கால்பந்து இல்லாவிட்டால் கல்லூரியின் பெயரே போய்விடும் என்பதும் பொது விதியல்ல. விச்சிட்டா ஸ்டேட் 1986இல் கால்பந்தை நிறுத்தியது. 2013இல் கூடைப்பந்தின் கடைசி நான்கில் நின்றது. பட்லர் விளையாட்டு உதவித்தொகையே இல்லாத கால்பந்து அணியை வைத்துக்கொண்டு கூடைப்பந்தில் இறுதியாட்டம் ஆடியது. யூஏபிக்குக் கால்பந்து தேவைப்பட்டது கூட்டமைப்பின் விதியாலும் நகரத்தின் விருப்பத்தாலும். அது யூஏபிக்குப் பொருந்தும் வாதம். ஊர் ஊராக ஏற்றுமதி செய்யத் தக்கதல்ல.

நான்காவது கோளாறு, விசுவாசத்தைப் பற்றியது. அயோவா ஸ்டேட்டை வென்ற அணியின் பயிற்சியாளர் ஜெரோட் ஹாஸ் அடுத்த ஆண்டே ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். யாக்ஸல் லெண்டபோர்க் அரிசோனாவின் ஈராண்டுக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்து, யூஏபியில் இரண்டு சீசன்களில் வளர்ந்து, 2025இல் மிச்சிகனுக்கு மாறினார். அங்கே அவருக்குப் பயிற்சியாளர் டஸ்டி மே. எஃப்ஏயூ என்ற இன்னொரு மிட்-மேஜரை 2023இல் கடைசி நான்குக்குக் கொண்டுபோய்விட்டு, மறு ஆண்டு மிச்சிகன் போனவர். கால்பந்திலும் இதே கதை. 2025 சீசனில் டூலேனும் ஜேம்ஸ் மேடிசனும் இப்போது 12 அணிகளாக விரிந்துவிட்ட இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தபோது, இரண்டின் பயிற்சியாளர்களும் ஃப்ளோரிடாவுக்கும் யூசிஎல்ஏவுக்கும் போவதென்று முன்பே ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

ரசிகர் இதைத் துரோகம் என்கிறார். ஆனால் லெண்டபோர்க்கை யூஏபியும் தனக்குக் கீழே இருந்த ஒரு கல்லூரியிலிருந்துதான் அழைத்து வந்தது. மேலே போனால் துரோகம், நம்மிடம் வந்தால் வளர்ச்சி என்று ஒரே செயலுக்கு இரண்டு பெயர் வைப்பது நியாயமாகாது. இடம் மாறும் விதிகள் 2021இல் தளர்ந்துவிட்டன. 2025-26இல் ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு நேரடியாகப் பங்கிடக்கூடிய தொகையின் உச்சவரம்பு 2.05 கோடி டாலர். 2014இல் யூஏபியின் எல்லா விளையாட்டுகளுக்குமான செலவே 3 கோடிதான் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வீரர் ஏன் போகிறார் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

என் பார்வையில், இந்த ரசிகருக்கு வேண்டியது இரண்டு தராசுகள். கூடைப்பந்தை மார்ச்சை வைத்து அளக்கலாம். அதில் யூஏபியின் கணக்கு நன்றாகவே இருக்கிறது. 2015க்குப் பிறகு 2022இலும் 2024இலும் கூட்டமைப்பின் பட்டம் வென்று தேசியப் போட்டிக்குப் போயிருக்கிறது. கல்லூரியின் முன்னாள் வீரரான ஆண்டி கென்னடியே பயிற்சியாளராகத் திரும்பி வந்து அடைந்த பலன் இது. கால்பந்தை அலபாமாவோடு ஒப்பிடாமல், தன் கூட்டமைப்புக்குள் எங்கே நிற்கிறது, பயிற்சியாளர் எத்தனை ஆண்டு தங்குகிறார், ஒவ்வொரு வெற்றிக்கும் மாணவர்களின் பணம் எவ்வளவு போகிறது என்ற மூன்று கேள்விகளால் அளக்க வேண்டும். இந்த அளவில் கிளார்க்கின் காலம் பெரிய சாதனை. டில்ஃபரின் காலம் வெறும் தோல்விப் பட்டியலோடு முடிவதில்லை, காசுக்கும் கேடு.

மிட்-மேஜர் ரசிகரின் அபிப்பிராயத்தை உணர்ச்சிக் கூச்சல் என்று தள்ள முடியாது என்பதை பர்மிங்ஹாம் நிரூபித்துவிட்டது. அவர் ஒரு பங்குதாரர். பங்குதாரருக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது, லாபத்தோடு நஷ்டத்தையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் கடமையும் இருக்கிறது. 2014இல் நிர்வாகத்தின் எண்களை அவர் எவ்வளவு கறாராகச் சோதித்தாரோ, அவ்வளவு கறாராகத் தன் ஆசைகளின் செலவையும் ஆண்டுதோறும் சோதித்தால், மீட்டெடுத்த அணியை இன்னொருமுறை மீட்க வேண்டிய நிலை வராது.