யனகி மிவாவின் ‘என் பாட்டிமார்’ – ஒரு நோக்கு

ஒளிப்படம் இறந்தகாலத்தின் கலை என்னும் கருத்து விமர்சகரிடையே நெடுங்காலமாக நிலவி வருவது. கமராவின் முன்னே ஒரு பொருள் ஒருகால் உண்மையாகவே இருந்தது என்பதற்கு ஒளிப்படம் சாட்சி பகர்கின்றது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் ரோலன் பார்த் 1980 இல் வெளிவந்த தமது நூலிலே வற்புறுத்தினார். அவ்வாறாயின், இன்னும் நிகழாத ஒன்றைப் படம்பிடிக்க முனையும் கலைஞரின் நிலை யாது? யப்பானியக் கலைஞர் யனகி மிவா 2000 ஆம் ஆண்டளவிலே தொடங்கிப் பல ஆண்டுகள் தொடர்ந்த ‘என் பாட்டிமார்’ என்னும் படவரிசை இவ்வினாவை நேராகவே எழுப்புகின்றது.

1967 இல் கோபே நகரிலே பிறந்த யனகி, அதற்கு முன்னரே ‘எலிவேற்றர் பெண்கள்’ என்னும் வரிசையினால் அறியப்பட்டவர். யப்பானின் பெரும் பல்பொருட் கடைகளிலே மின்தூக்கியை இயக்கி, வாடிக்கையாளரை வணங்கி வரவேற்கும் சீருடைப் பெண்களே அதன் பொருள். ஒரே உடை, ஒரே தோற்றம்; எவரும் எவருக்கும் பதிலாக நிற்கலாம். பெண்ணின் இளமை எவ்வாறு பண்டமாக்கப்படுகின்றது என்பதை அவ்வரிசை காட்டிற்று. அதனை மனங்கொள்ளாது ‘என் பாட்டிமாரை’ நோக்குவோர் இதை வெறும் மாறுவேட விளையாட்டாகக் கொள்ளக்கூடும்.

இவ்வரிசையிலே யனகி இளம் பெண்களை அணுகி, ஐம்பது ஆண்டுகளின் பின்னர் தாம் எவ்வாறு இருப்பதாக எண்ணுகின்றனர் என வினவுகின்றார். உரையாடலின் பின், ஒப்பனையாலும் கணனியின் துணையாலும் அக்காட்சி உருவாகின்றது. படத்தோடு ஒரு சிற்றுரையும் இடம்பெறும். (தலைப்பினைத் தமிழாக்குவது எளிதன்று. நமது வழக்கிலே அம்மம்மாவா, அப்பம்மாவா என்ற கேள்வி உடனே எழும். இவர்களோ கலைஞருக்கு இரண்டுமல்லர்.)

‘யூக்கா’ என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். சன் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேற் பாலத்திலே மோட்டார் சைக்கிளொன்று விரைகின்றது. ஓட்டுபவன் இளைஞன், அவளுடைய காதலன். பக்கப் பெட்டியிலே செந்நிறச் சாயமிட்ட கூந்தல் காற்றிலே பறக்க, வாய்விட்டுச் சிரிக்கும் மூதாட்டி. பல்லைக் காட்டாது புன்னகைக்கப் பயின்ற ‘எலிவேற்றர் பெண்’ணின் மறுதலையே இச்சிரிப்பு என எனக்குத் தோன்றுகின்றது. பிறர் பார்வைக்காக வாழவேண்டிய கட்டாயம் நீங்கிய உடல் இது. எல்லாப் படங்களும் இவ்வாறு களிப்பானவையல்ல. ‘மியே’யிலே பாழ்நிலத்திலே ஒருத்தி தனியே நிற்கின்றாள்.

இவ்வரிசையின் மீது சமூகவியல் நோக்கிலே ஒரு கடுமையான குற்றச்சாட்டை முன்வைக்க முடியும். 2000 இல் யப்பானின் மக்கட்டொகையிலே அறுபத்தைந்து வயதினரும் அதற்கு மேற்பட்டோரும் ஏறத்தாழ 17 சதவீதமாயிருந்தனர்; 2023 இலே அது 29 சதவீதத்தை எட்டியது. முதுமையைப் பராமரிப்போர் யார், அதற்குப் பணம் கொடுப்போர் யார் என்பன அந்நாட்டின் பெரும் பிரச்சினைகள். யூக்காவின் பாலத்திலே அவற்றுக்கு இடமில்லை. மாற்றம் தனிமனிதருக்கே நிகழ்கின்றது. சமூகம் நின்ற இடத்திலேயே நிற்கின்றது. சில படங்களின் மினுமினுப்பு விளம்பரத்தை நினைவூட்டுவதையும் மறுப்பதற்கில்லை.

ஆயினும் இக்குற்றச்சாட்டை முழுமையாக ஏற்க நான் தயங்குகின்றேன். இப்படங்கள் எதிர்காலத்தை முன்னறிவிப்பனவல்ல. இருபது வயதிலே வேண்டப்படும் சுதந்திரத்தை எழுபது வயதுக்கு ஒத்திவைத்தே ஓர் இளம்பெண்ணாற் சொல்ல முடிகின்றது என்பதையே இவை ஆவணப்படுத்துகின்றன. அவ்வொத்திவைப்பு சமூகம் பற்றிய வாக்குமூலமன்றி வேறென்ன? பார்த் கூறிய சாட்சியம் இங்கே பொய்த்துவிடவில்லை. கமராவின் முன்னே உண்மையாக இருந்தது கிழவியல்ல, ஓர் இளம்பெண்ணின் ஆசை. 2009 இல் வெனிஸ் ஈராண்டுக் கண்காட்சியின் யப்பானிய மண்டபத்திலே யனகி வைத்த பேருருவப் பெண்களிலும் இவ்வேட்கையின் தொடர்ச்சியைக் காணலாம். எனினும் அங்கே தனியொருத்தியின் குரல் இல்லை என்பதால் எனக்கு அவை ஒருபடி கீழானவையே.

யூக்கா குறித்த ஐம்பது ஆண்டுகளிலே ஏறத்தாழப் பாதி கழிந்துவிட்டது. படத்துக்காக அமர்ந்த பெண் இப்போது நடுவயதிலே இருப்பார். ஒப்பனையாளர் இட்ட சுருக்கங்கள் அவர் முகத்திலே விழுந்தனவா என்பது அற்ப விடயம். தலைக்குச் செந்நிறச் சாயமிட அவர் இன்னும் காத்திருக்கின்றாரா என்றே கேட்கத் தோன்றுகின்றது.