பாடலும் களமும்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தை முன்வைத்து

நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகள் பெரும்பாலும் பாடல்களைத் தாலாட்டு, தொழிற்பாடல், ஒப்பாரி எனப் பொருள்வகையால் பகுக்கின்றன. எவ்விடத்தில், எவர்முன் பாடப்பெற்றது என்னும் செய்தி அவற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றது. கேமரன் மலைத் தோட்டப் பாடல்களைப் பொறுத்தவரை இது மீட்க இயலாத இழப்பாக மாறிவருகின்றது.

இவ்விடத்தில் ஜாஸ் இசையின் வரலாறு ஒப்புநோக்கத்தக்கது. அமெரிக்கத் தென்மாநிலத் தோட்டங்களில் அடிமைகளாய் உழைத்த ஆப்பிரிக்க மக்களின் வேலைப்பாட்டு அதன் வேர்களுள் ஒன்று. ஒருவர் பாட ஏனையோர் ஏற்றுப் பாடும் அம்முறை நம் நடவுப் பாட்டிற்கும் உரியதே. 1953 மார்ச்சில் ஓபர்லின் கல்லூரியின் ஃபின்னி வழிபாட்டு மண்டபத்தில் டேவ் புரூபெக் குழுவினர் வாசித்தனர். கல்லூரியின் இசைப்பள்ளி ஜாஸை மதியாத காலம் அது; அழைத்தவர்கள் மாணவர்கள். 'ஜாஸ் அட் ஓபர்லின்' எனக் களத்தின் பெயரையே தாங்கிய இசைத்தட்டில் அவையோரின் ஆரவாரமும் பதிவாகியுள்ளது. புரூபெக் அத்தோட்ட மக்கள் வழிவந்தவரல்லர். உழைத்தோர் கலை வேறு கைக்கு மாறியபின் கிடைத்த மதிப்பு அது என்பதையும் மறத்தலாகாது.

கேமரன் மலையில் 1929இல் ஜே. ஏ. ரஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். அங்குக் கொழுந்து பறித்த தமிழர்க்குப் பெரட்டுக் களமும் லயத்து வாசலும் கோயில் முன்றிலுமே அரங்கம். களம் மாறினால் பாடலும் மாறும். முன்றிலில் உறுமி மேளத்தோடு எழும் குரல் வேறு. கூடை சுமந்து சரிவில் நின்று பாடுங்கால் மூச்சின் அளவே அடியின் அளவாகும். கங்காணியைப் பழிக்கும் அடியை லயத்து வாசலில் உரத்துப் பாடலாம். நிரையில் அவன் காதுபடப் பாட இயலுமா? அச்சில் இவ்வேறுபாடு மறைந்துவிடுகின்றது.

இலங்கை மலையகத்திற்குச் சி. வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' (1983) வாய்த்தது. நம் ஆய்வுகளோ பால்மரக் காட்டையே மிகுதியும் நோக்கின. ரப்பர்த் தோட்டங்களின் பெருக்கம் இதற்குக் காரணமாகலாம். ஆயினும் அது போதிய விளக்கமன்று. தேயிலையின் பெயரால் 'போ கேமரோனியன்' கலை விருதுகள் 2002இல் தொடங்கப்பெற்றுத் தலைநகர் அரங்குகள் சிறப்பிக்கப்பட்டன. விருதில் குறையில்லை, கொழுந்து பறித்தோர் பாட்டுக்கு அத்தகைய கவனம் வாய்க்கவில்லை என்பதே குறை.

வெட்டுக் கத்தரியும் அறுவடைப் பொறியும் வந்தபின் கைப்பறிப்பின் தாளம் மாறிவிட்டது. இன்று நிரைகளில் நிற்போருள் பெரும்பாலோர் வங்காளதேச, நேபாள, இந்தோனேசியத் தொழிலாளர். தமிழ்க் குடும்பங்கள் பல மலையிறங்கிவிட்டன. ஆகவே களப்பணிக்குச் செல்லும் மாணவர் சொற்களை மட்டும் எழுதிக்கொண்டு திரும்புதல் போதாது. பாடிய மூதாட்டியரை உடன் அழைத்துச் சென்று, எந்த நிரையில், எந்த முன்றிலில் நின்று பாடினார்கள் எனக் கேட்டு, அவ்விடத்திலேயே ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். மலையேறும் உடல்வலிமை அவர்களுக்கு இருக்கும்போதே.