ஸ்ட்ரைக்கர் பாய்ந்தால் போதுமா?

2019-20 ஐஎஸ்எல் கால்பந்து சீசனில் சென்னையின் எஃப்சி முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆறாவது ஆட்டத்தோடு பயிற்சியாளர் ஜான் கிரிகரி விலகினார். டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். ஆட்கள் ஏறக்குறைய அதே ஆட்கள்தான். ஆனால் 18 லீக் ஆட்டங்கள் முடிந்தபோது அந்த அணி 32 கோல்களுடன் நான்காவது இடத்தில் நின்றது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் நேரு ஸ்டேடியத்தில் கோவாவை 4-1 என்று நொறுக்கியது.

எது மாறியது? 4-2-3-1 என்று பலகையில் எழுதிவிடலாம். முன்னே வால்ஸ்கிஸ், அவருக்குப் பின்னால் கிரிவெல்லாரோ, விங்கில் சாங்தே. எண்களைவிட முக்கியம், பந்து கைவிட்டுப் போன அடுத்த நொடி யார் எங்கே நின்றார்கள் என்பதுதான். காயில் அணியினர் பின்வாங்கி அரண் அமைக்கவில்லை. எதிரணியின் பாதியிலேயே பந்தை மறித்தார்கள். அங்கே பிடுங்கிய பந்துக்குக் கோல் கம்பம் இரண்டே பாஸ் தூரம். வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல் அடித்ததற்கு அவருடைய கால் ஒரு காரணம் என்றால், இது இன்னொரு காரணம்.

எதிரணியின் பாதியிலேயே பந்தை மறிக்கும் இந்த ஹை பிரஸ் என்றால் வெறித்தனமாக ஓடுவது என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்ட்ரைக்கர் நேராகப் பாயக் கூடாது, வளைந்து ஓடி நடுவழியை அடைக்க வேண்டும். அப்போதுதான் பந்து ஓரத்துக்குப் போகும். அங்கே எல்லைக்கோடே நமக்கு இன்னொரு தடுப்பாட்டக்காரன். முதுகைக் காட்டிப் பந்து வாங்குபவன், முதல் தொடுதலிலேயே தடுமாறுபவன், கோல்கீப்பருக்குத் திருப்பித் தருபவன் - இவர்களைப் பார்த்ததும் விங்கரும் நடுக்களமும் சேர்ந்து கிளம்ப வேண்டும். கடைசி வரிசையும் அதே கணம் மேலேறி வர வேண்டும். 1989லும் 1990லும் ஐரோப்பியக் கோப்பை வென்ற மிலான் அணியை, முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவே சுமார் 25 மீட்டர்தான் இருக்கும்படி பழக்கினார் அரிகோ சாக்கி. அந்த இடைவெளி 50 மீட்டரானால் முன்னால் ஓடிய ஓட்டம் மொத்தமும் வீண்.

ஹை பிரஸ்ஸின் விலையையும் அதே சென்னை அணி கொடுத்தது. கோவாவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 2-4 என்று தோற்று, மொத்தம் 6-5 என்று தப்பிப் பிழைத்துத்தான் இறுதிக்கு வந்தது. 2020 மார்ச் 14 அன்று, கொரோனா அச்சத்தால் காலியாகக் கிடந்த ஃபடோர்டா அரங்கில், ஹபாஸ் பயிற்சியளித்த எதிரணி ஏடிகே பொறுமையாகக் காத்திருந்தது. ஹாவி ஹெர்னாண்டஸ் 10ஆவது நிமிடத்தில் ஒன்று, இடைவேளை முடிந்ததும் எடு கார்சியா ஒன்று. வால்ஸ்கிஸ் ஒன்றைத் திருப்பினார். சமன் செய்ய எல்லோரும் முன்னேறிய கடைசி நேரத்தில் ஹாவி மீண்டும் அடித்து 3-1 என்று முடித்தார். எனக்கு அந்தத் தோல்வி இன்றும் வலிக்கிறது. ஆனாலும் அந்த ஆட்டமுறை தவறில்லை என்பேன். முதல் நான்கு ஆட்டங்களைப் போல ஆடியிருந்தால் இறுதிப்போட்டியே கிடைத்திருக்காது.

பாரிவாக்கம், பூந்தமல்லி, ஆவடி என்று நம் வட்டாரப் பையன்களில் பலர் சின்ன டர்ஃபில்தான் ஆடி வளர்கிறார்கள். பந்தை விடாமல் துரத்துகிறார்கள், அந்த வேகம் அழகு. ஆனால் டர்ஃபில் பெரும்பாலும் ஆஃப்சைடு கிடையாது, முதுகுக்குப் பின்னால் பெரிய வெளியும் கிடையாது. அங்கே ஒருவன் தனியாகப் பாய்ந்தாலும் பந்து கிடைத்துவிடும். அதே பையன் 105 மீட்டர் மைதானத்தில் இறங்கும்போது, அவன் பாய்கிறான், பேக் இருவரும் பெனால்டி பாக்ஸ் ஓரமாகவே நிற்கிறார்கள். நடுவே ஒரு பேட்டையே காலி. ஒரே நீளப் பாஸில் கதை முடிந்துவிடுகிறது. போதாததற்கு நம் ஊர்ப் புழுக்கம். 90 நிமிடமும் யாராலும் துரத்த முடியாது. எப்போது துரத்துவது, எப்போது பந்தை வைத்துக்கொண்டு மூச்சு வாங்குவது என்று அணி முழுக்க ஒரே முடிவு வேண்டும்.

இந்தப் பக்கத்துப் பயிற்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாளாவது பையன்களை முழு மைதானத்துக்குக் கூட்டிப்போய், ஆஃப்சைடு விதியோடு ஆட வையுங்கள். ஸ்ட்ரைக்கர் ஓடும்போது நீங்கள் குரல் கொடுக்க வேண்டியது அவனுக்கு இல்லை, பின்னால் நிற்கும் இரண்டு சென்டர் பேக்குகளுக்குத்தான்.