முறுக்குக் கம்பியும் முதுகலைப் பட்டமும்

கிளேட்டன் கிறிஸ்டென்சென் ஆறடி எட்டு அங்குல உயரம். ஹார்வர்ட் பிஸினஸ் ஸ்கூலில் பேராசிரியராக இருந்தவர். 1997-ல் அவர் எழுதிய ‘இன்னொவேட்டர்ஸ் டிலெமா’வைப் படித்தவர்களைவிடப் படித்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் அதிகம் என்பது என் சந்தேகம். சாராம்சம் சுலபம்தான். அமெரிக்காவில் பெரிய எஃகு ஆலைகளுக்குப் போட்டியாக, பழைய இரும்பை உருக்கும் குட்டி ஆலைகள் வந்தன. முதலில் அவற்றால் கான்க்ரீட்டுக்குள் போடுகிற கம்பிதான் தயாரிக்க முடிந்தது. லாபம் குறைந்த சரக்கு. ‘எடுத்துக்கிட்டுப் போங்கப்பா’ என்று பெரியவர்கள் சந்தோஷமாக விட்டுக்கொடுத்தார்கள். குட்டிகள் கம்பியிலிருந்து ஆங்கிளுக்கும், அங்கிருந்து உத்தரத்துக்கும், கடைசியில் தகட்டுக்கும் ஏறி வந்தபோது பெரியவர்களில் பலர் திவால்.

இதே கதை பல்கலைக்கழகங்களுக்கும் நடக்கும் என்று 2011-ல் ஹென்றி ஐரிங் என்பவருடன் சேர்ந்து ‘தி இன்னொவேட்டிவ் யுனிவர்சிட்டி’ எழுதினார். எஃகில் கம்பி என்றால், கல்வியில் ஆன்லைன் வகுப்பு. பத்துப் பதினைந்து வருஷத்தில் அமெரிக்கக் கல்லூரிகளில் பாதி திவாலாகிவிடும் என்று மேடைகளிலும் சொல்லிவந்தார். மாணவர் சேர்க்கை குறைந்து, வரவு செலவு இடித்துக்கொண்டிருந்த நிர்வாகிகளுக்கு இது அசரீரி மாதிரி கேட்டது. புதுமை செய், கூட்டம் வரும், கல்லா நிறையும்.

புத்தகத்தின் முதல் பாதி அருமை. ஹார்வர்ட் எப்படி ஹார்வர்ட் ஆயிற்று, சார்ல்ஸ் எலியட் நாற்பது வருஷம் தலைவராக உட்கார்ந்து அதை எப்படி மாற்றினார், பிறகு ஊர் பேர் தெரியாத கல்லூரியெல்லாம் அதே உடுப்பைத் தைத்துப் போட்டுக்கொள்ள ஏன் ஆசைப்பட்டது என்று நன்றாகச் சொல்கிறார்கள். ஹார்வர்டின் உடுப்பு இருக்கிறது, ஹார்வர்டின் சொத்து இல்லை. அந்த இடைவெளியை மாணவன் ஃபீஸாகக் கட்டுகிறான். இதை மறுப்பதற்கில்லை.

இரண்டாம் பாதியில்தான் எனக்கு இடிக்கிறது. முன்மாதிரியாக அவர்கள் காட்டுவது ஐடஹோ மாநிலத்தில் ரெக்ஸ்பர்க் என்ற சிறிய ஊரில் இருக்கும் பிரிகம் யங் யுனிவர்சிட்டி - ஐடஹோ. ரிக்ஸ் காலேஜ் என்ற இரண்டு வருஷக் கல்லூரியாக இருந்து 2001-ல் நான்கு வருஷக் கல்லூரியானது. வெளியூர்க் கல்லூரிகளோடு மோதும் விளையாட்டு அணிகளைக் கலைத்தார்கள். கோடை விடுமுறையில் கட்டடம் சும்மா கிடக்கக் கூடாது என்று வருஷத்தை மூன்று பருவமாக்கி மாணவர்களைப் பிரித்துச் சேர்த்தார்கள். அதே வகுப்பறை, அதே வாத்தியார், கூடுதல் மாணவர்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அது மார்மன் சபையின் கல்லூரி. ஃபீஸ் குறைவாக இருக்கக் காரணம் விசுவாசிகள் கொடுக்கும் தசமபாகம். ஆசிரியர்கள் இருவரும் அந்தச் சபையைச் சேர்ந்தவர்கள். ஐரிங் அந்தக் கல்லூரியிலேயே வேலை பார்த்து 2017-ல் அதன் தலைவரும் ஆனார். இதையெல்லாம் அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் ‘நீங்களும் இப்படிச் செய்யலாம்’ என்று சொல்லும்போது, ‘முதலில் ஒரு சபை தேவை’ என்று கொட்டை எழுத்தில் சேர்த்திருக்கலாம்.

சபை இல்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

2013 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் ஸான் ஹோஸே ஸ்டேட் யுனிவர்சிட்டி, யுடாசிட்டி என்ற கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தது. கணிதம், அல்ஜீப்ரா, புள்ளியியல். ஒரு பாடம் 150 டாலர். கவர்னரே வந்து வாழ்த்தினார். யுடாசிட்டியின் ஸெபாஸ்டியன் த்ரன் லேசுப்பட்ட ஆசாமி இல்லை. கூகிளின் டிரைவர் இல்லாத காரை உருவாக்கியவர். 2011-ல் அவரும் பீட்டர் நார்விக்கும் நடத்திய இலவச இணைய வகுப்புக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர் பதிவு செய்தார்கள். ஆனால் ஸான் ஹோஸேயில் ரிசல்ட் வந்தபோது பாடத்துக்குப் பாடம் 56-லிருந்து 76 சதவிகிதம் வரை ஃபெயில். ஜூலையில் நிறுத்திவைத்தார்கள். சேர்ந்தவர்களில் ஏழைப் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். சிலருக்கு வீட்டில் கம்ப்யூட்டரே சரியாக இல்லை. எங்கள் சரக்கு மட்டம் என்கிற அர்த்தத்தில் த்ரனே ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்கு அவரைப் பாராட்ட வேண்டும். கல்வி வியாபாரத்தில் அது அபூர்வம்.

கூட்டம் சேர்ப்பது கஷ்டமில்லை என்பதை அரிஸோனா ஸ்டேட் யுனிவர்சிட்டியும் காட்டியது. 2015-ல், முதலாண்டுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகப் படி, பாஸானால் மட்டும் பணம் கட்டி மார்க்கைச் சேர்த்துக்கொள் என்றார்கள். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! முதல் சுற்றில் பதிந்தவர்கள் 34,000-க்கு மேல். மார்க் பெறத் தகுதியானவர்கள் 323.

கூட்டமும் வந்து கல்லாவும் நிறைந்தால்? அது வேறு ரகமான கதை, கொஞ்சம் வயிற்றெரிச்சலானது. லாஸ் ஏஞ்சலீஸில் யுனிவர்சிட்டி ஆஃப் ஸதர்ன் கலிஃபோர்னியா. பணக்காரப் பெயர். 2010-ல் சமூகப் பணியில் முதுகலைப் பட்டத்தை, 2யு என்ற கம்பெனியின் துணையோடு ஆன்லைனில் கொண்டுவந்தது. விளம்பரம், ஆள் பிடிப்பது, சாஃப்ட்வேர் எல்லாம் கம்பெனி பொறுப்பு. ஃபீஸில் சுமார் 60 சதவிகிதம் கம்பெனிக்கு. மொத்தப் படிப்பு ஏறக்குறைய 1,15,000 டாலர், அதாவது ஒரு கோடி ரூபாய் அளவில். 2021-ல் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ கணக்கைத் தோண்டியது. அந்தப் பட்டத்துக்காக அரசுக் கடன் வாங்கியவர்களில் பாதிப் பேருக்குக் கடன் 1,12,000 டாலரோ அதற்கு மேலோ. படித்து முடித்த இரண்டு வருஷத்தில் பாதிப் பேரின் ஆண்டுச் சம்பளம் 52,000 டாலரோ அதற்குக் கீழோ.

யார் இவர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அனாதைக் குழந்தைகள், குடிநோயாளிகள், அடிபடும் மனைவிகள் ஆகியோருக்கு உதவுவதைத் தொழிலாக எடுத்துக்கொள்ள வந்தவர்கள். அந்தத் தொழிலில் சம்பளம் குறைவு என்பது பல்கலைக்கழகத்துக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த விலை. வகுப்பறை வேண்டாம், ஹாஸ்டல் வேண்டாம், ஆனால் விலை மட்டும் வளாகத்து விலை! இதில் எது புதுமை?

கதையின் மிச்சம்: 2யு கம்பெனி 2021-ல் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து தொடங்கிய எட்எக்ஸை எண்பது கோடி டாலருக்கு வாங்கியது. 2023-ல் அந்தப் பல்கலைக்கழகம் உறவை முறித்துக்கொண்டது. 2024 ஜூலையில் கம்பெனி திவால் நோட்டீஸ். கிறிஸ்டென்சென் சொன்ன திவால் வந்தது, ஆனால் வேறு வீட்டுக்கு.

உடனே ‘ஆன்லைனே ஏமாற்று, கரும்பலகைதான் சத்தியம்’ என்று கைதட்டாதீர்கள். ஜார்ஜியா டெக் இருக்கிறது.

கம்ப்யூட்டர் சயன்ஸில் முதுகலை, முழுக்க ஆன்லைன், மொத்த ஃபீஸ் ஏழாயிரம் டாலருக்குள் என்று 2013-ல் அறிவித்தார்கள். அதே யுடாசிட்டிதான் கூட்டாளி. ஏடி அண்ட் டி கம்பெனி இருபது லட்சம் டாலர் கொடுத்தது. 2014 ஜனவரியில் 380 பேரோடு ஆரம்பித்து, பத்தாயிரத்தைத் தாண்டிப் போனது. வளாகத்தில் கொடுக்கிற அதே பட்டம். இங்கேயும் சேர்க்கை கூடியது, வருமானம் கூடியது. வித்தியாசம் எங்கே?

ஜோஷ்வா குட்மன், ஜூலியா மெல்கர்ஸ், அமாண்டா பலேய்ஸ் ஆகிய மூவரின் ஆராய்ச்சி 2019-ல் வெளியானது. அழகான யோசனை. முதல் வருஷம் விண்ணப்பங்கள் குவிந்ததில், கல்லூரி மார்க் சராசரி 3.26-க்குக் கீழே இருந்தவர்களை முதல் பருவத்தில் சேர்க்கவில்லை. விண்ணப்பித்தவர்களுக்கு இந்தக் கோடு இருப்பது தெரியாது. அப்படியானால் 3.27 எடுத்தவரும் 3.25 எடுத்தவரும் ஏறக்குறைய ஒரே ஆள்தானே? இடம் கிடைக்காத அந்த 3.25 வேறெங்காவது போய்ச் சேர்ந்தாரா என்று தேடினார்கள். கிட்டத்தட்ட யாருமே சேரவில்லை. படிப்பையே விட்டுவிட்டார்கள். இந்தப் படிப்பு வேறொரு பல்கலைக்கழகத்தின் மாணவரைத் தட்டிப் பறிக்கவில்லை. எங்கேயுமே படித்திருக்க முடியாதவரைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. விண்ணப்பித்தவர்களின் சராசரி வயது முப்பத்துநாலு. வேலை, குழந்தை, வீட்டுக்கடன் எல்லாம் உள்ளவர்கள்.

ஒரு நிர்வாகி புதுமை என்று சொன்னால் நான் கேட்க விரும்புவது இந்தக் கணக்கைத்தான். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதல்ல, இது இல்லாவிட்டால் இவர்கள் எங்கே இருந்திருப்பார்கள் என்பது.

இன்னொன்று. ஜார்ஜியா டெக்கில் வீடியோவைப் போட்டுவிட்டு வாத்தியார் வீட்டுக்குப் போய்விடவில்லை. திருத்தவும் சந்தேகம் தீர்க்கவும் உதவி ஆசிரியர்கள் பட்டாளமே உண்டு. அசோக் கோயல் என்ற பேராசிரியரின் செயற்கை அறிவு வகுப்பில் சுமார் 300 மாணவர்கள், ஒரு பருவத்தில் பத்தாயிரம் செய்திகள் அனுப்பினார்கள். சமாளிக்க முடியாமல் 2016-ல் ‘ஜில் வாட்சன்’ என்று ஒரு உதவி ஆசிரியையை நியமித்தார். ஐ.பி.எம். மென்பொருள்! 97 சதவிகிதம் நிச்சயம் என்றால் மட்டும் பதில் சொல்லும்படி வைத்திருந்தார். பருவக் கடைசிவரை மாணவர்களிடம் சொல்லவில்லை. இப்போதைய ஏஐ கூச்சலில் பலர் இதை மறந்துவிட்டார்கள். 97 சதவிகித நிச்சயம் இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ளும் ஆசிரியர்கள் மனிதர்களிலேயே குறைவு.

நம்மூருக்கு இதெல்லாம் புதிதில்லை. அஞ்சல்வழிக் கல்வியில் தபால்காரர் பழுப்பு உறையில் பாடம் கொண்டுவந்து போட்ட காலத்திலேயே நம் பல்கலைக்கழகங்கள் இந்த வருமானத்தின் ருசியைக் கண்டுவிட்டன. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. கல்யாணத்துக்குப் பிறகு பி.ஏ. முடித்த பெண்கள், வேலையில் இருந்தபடியே எம்.ஏ. வாங்கிய குமாஸ்தாக்கள் எத்தனை பேர்! ஆனால் வந்த பணத்தில் எவ்வளவு அந்தப் பழுப்பு உறைக்குள் திரும்பிப் போனது என்று கேட்டால், பாடப் புத்தகத்தின் அச்சைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும்.

சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பு இதில் பாராட்டத்தக்க விதிவிலக்கு. ஜே.இ.இ. கிடையாது. நாலு வாரம் பாடம் நடத்திவிட்டு அதிலிருந்தே நுழைவுத் தேர்வு வைக்கிறார்கள். பாடம்தான் இணையத்தில், முக்கியப் பரீட்சைகளை மையத்துக்கு நேரில் வந்து எழுத வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு ஃபீஸில் சலுகை. நடுவில் நின்றால் அதுவரை படித்ததற்குச் சான்றிதழோ டிப்ளமாவோ உண்டு. கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள், உள்ளே வந்தபிறகு வடிகட்டுகிறார்கள்.

கிறிஸ்டென்சென் 2020 ஜனவரியில் காலமானார். இரண்டு மாதம் கழித்து கொரோனா வந்து, உலகத்துப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஒரே மாதத்தில் ஆன்லைனுக்குப் போயின. அவர் கற்பனை செய்ததைவிடப் பெரிய பரிசோதனை. முடிந்ததும் பெரும்பாலான மாணவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வளாகத்துக்கே திரும்பினார்கள். சின்னக் கல்லூரிகள் பல மூடின, பாதி மூடவில்லை. பட்டம், கம்பி மாதிரி டன் கணக்கில் நிறுத்து வாங்கும் பொருளாக இன்னும் ஆகவில்லை.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் உங்கள் வீட்டுக்கும் போன் வரும். ‘இன்னொவேட்டிவ் ப்ரோக்ராம் சார், இன்றைக்கே சேர்ந்தால் சலுகை’ என்று ஒரு இனிய குரல் சொல்லும். அதட்டாதீர்கள், அது மாதச் சம்பளத்துக்குப் பேசுகிற பெண். ‘நான் கட்டுகிற நூறு ரூபாயில் பாடம் நடத்துகிறவருக்கு எவ்வளவு, உங்கள் கம்பெனிக்கு எவ்வளவும்மா?’ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். மேனேஜருக்கு மாற்றிவிடுவார். காத்திருங்கள், மியூசிக் வரும்.